குரவை போடாத அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா காலமாகி இரண்டு வருஷம். எங்களோடுதான் இருக்கிறா. பகல் முழுக்க விறாந்தையில் பேசாமல் இருக்கிறா. முந்தியெல்லாம் கண்ணகை அம்மன் கோயிலில் பெண்கள் போடும் குரவை ஒலியில் முதல் குரவை அம்மாவுடையதுதான். இந்த வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு வந்தும் வெளி வீதியிலேயே நின்றுவிட்டா. "இது மனச்சோர்வு, எங்கேயாவது கூட்டிப் போய்ச் சந்தோசமாக வை" என்கிறா கனடாவில் இருக்கும் அக்கா. நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, விறாந்தையில் பேசாமல் இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். சந்தோசம் என்றால் கலகலப்பு என்று எல்லா ஊரிலும் நினைப்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீன் சாய் குழுவினர் மாணவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை அமெரிக்கர்கள் உற்சாகத்தையும் ஹொங்கொங் சீனர்கள் அமைதியையும் கூடுதலாக விரும்பினார்கள். நான் பழகிய மட்டக்களப்பு மூத்தவர்களும் அமைதிப் பக்கம்தான்.

எனக்கு உறுத்துவது அந்தக் குரவை. "தாலி இல்லாதவள் முன்னுக்கு நிற்கலாமா?" என்று யாரும் சொன்னார்களா, இல்லை தானே ஒதுங்கினாவா? அதை அம்மாவிடமே மெல்லக் கேளுங்கள். இந்த வழக்கம் எனக்குப் பெரிய வேதனை. கோவலனைப் பறிகொடுத்து, மதுரையை எரித்த கோபத்தோடு நின்றவளைத்தானே குளிர்த்தி பாடிக் குளிர வைக்கிறோம்? அந்த வாசலில் புருசனை இழந்த ஒருத்தி ஒதுங்கி நிற்பது எந்த நியாயம்? வருகிற வைகாசியில் அம்மாவின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போங்கள். முதல் குரவையை அவவே போடட்டும். பின்குரவை நீங்கள் போடுங்கள்.

அப்புறம் வீடு. நம் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் அம்மா மருமகளை அண்டி இருக்கவில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டை எழுதிக் கொடுத்த கையோடு அடுக்களையும் கைமாறிப் போகிறது. "நீங்க சும்மா இருங்கம்மா" என்று அன்பாகச் சொல்லியே ஆளை ஓரமாக்கிவிடுகிறோம். 2002இல் ஆய்வாளர் பெக்கா லெவி வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தன் முதுமையை நல்லதாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த நினைப்பு வர, அம்மா எதைச் செய்ய ஆசைப்படுகிறா என்று பார்த்து அதை அவ கையில் விடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். நம் மூத்தவர்கள் கவலையைக் கவலை என்று சொல்ல மாட்டார்கள். கால் உளைவு, நெஞ்சுப் பாரம் என்பார்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மாறவில்லை என்றால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். "நான் போனால் போதும்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

அக்காவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொலைபேசியில் "சந்தோசமா இருக்கிறீங்களா?" என்று கேட்பதை விட்டு, கூனிச் சுண்டலுக்கு மாங்காய் எப்போது போடுவது என்று அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.