ஒல்லியான பையனுக்கும் கொழுப்பு ஏறுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. உயரம் 172 செ.மீ., எடை 54 கிலோ. சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், கோலா என்று எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டுவதே இல்லை. 'வளர்கிற பிள்ளை, எல்லாம் கரைந்துவிடும்' என்கிறார் கணவர். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: எடை ஏறவில்லை என்றால் தின்ற கலோரி செலவாகிவிட்டது, அவ்வளவுதான். உப்பும் கெட்ட கொழுப்பும் உள்ளே என்ன செய்தன என்பதைத் தராசு காட்டாது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் உட்சுவரில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கீற்றுகள் படியத் தொடங்குவது பதின்வயதில்தான். கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்த ஆய்வு 1953-ல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 22. ஆனால் 77 சதவீதம் பேரின் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. கீற்றெல்லாம் அடைப்பாக மாறிவிடாது. இந்த வயதில் உணவை மாற்றினால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

இனி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் 800 மி.கி. என்று இருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 800 மி.கி. முழு பாக்கெட்டுக்கா, 100 கிராமுக்கா என்பதையும் கவனியுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நூடுல்ஸ் செய்தே ஆகவேண்டுமென்றால் மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கை காய்கறியும் சேர்க்கலாம். 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்ட 9 டீஸ்பூன். 18 வயது வரை, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் கணக்கு. ஒரே டின்னில் அது தாண்டிவிடுகிறது.

திட்டிப் பயனில்லை. பள்ளி விட்டு வந்ததும் கொலைப்பசி. கைக்கு எட்டுவதுதான் வாய்க்குப் போகும். அந்த நேரத்துக்கு அவித்த முட்டை, வேகவைத்த பயறு, பழம், ஒரு கைப்பிடி உப்பில்லாத கடலை தயாராக இருக்கட்டும். சிப்ஸ் வெளியே எப்போதாவது சாப்பிடட்டும், வீட்டில் வாங்கி அடுக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. மகனுக்கு 14 வயதில் பார்த்தபோது கொலஸ்ட்ரால் நார்மல். இனி பயமில்லைதானே?

பதில்: அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். பருவமடையும் காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். தானாகவே 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பிறகு மறுபடி ஏறும். 17 வயதுக்கு மேல் திரும்ப எடுத்துப் பாருங்கள். இந்த வயதில் எல்.டி.எல். 110-க்குக் கீழ் இருப்பது நல்லது, 130-ஐத் தொட்டால் அதிகம். 160-ஐத் தாண்டினால், தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பம் என்பதால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. அதற்குப் பத்தியம் மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படும். பையன் தின்றதுதான் காரணம் என்று அவனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கேள்வி: வயது 17, எடை 60 கிலோ. ஜிம்முக்குப் போகிறேன். புரோட்டீன் பவுடர் வேண்டுமா? மஞ்சள் கருவை எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் வயதில் அடிப்படைத் தேவை கிலோவுக்கு 0.85 கிராம், அதாவது சுமார் 51 கிராம். நன்றாகப் பயிற்சி செய்பவர் என்றால் 80 வரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, சமைத்த 100 கிராம் கோழியில் 27-க்கு மேல் கிடைக்கும். மிச்சத்தைப் பருப்பும் தானியமும் கொடுத்துவிடும். பவுடருக்கு வேலையே இல்லை. தினம் ஒரு மஞ்சள் கருவைத் தாராளமாகச் சாப்பிடலாம். கொலஸ்ட்ராலை அதைவிட அதிகம் ஏற்றுவது பொரித்ததும் பேக்கரி கொழுப்பும்தான். பயிற்சிக்கு முன் எனர்ஜி டிரிங்க் குடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் இன்றே விடுங்கள். அதிலுள்ள கஃபீன் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். தாகத்துக்குத் தண்ணீர் போதும்.