ரெய்டு போகும் கை ஏன் இழுபடுகிறது?

கேள்வி: 2001 பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டியை அண்ணன் ஹாய்-8 கேமராவில் எடுத்தார். ஒரு மணி நேர கேசட் ஆறு இருக்கிறது. 700 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கருவி வாங்கிக் கணினியில் ஏற்றினேன். ஆட்கள் நின்று பேசும்போது படம் நன்றாக இருக்கிறது. ரெய்டு போகும்போதோ கையும் காலும் இழுபடுகின்றன. டிவிடியில் போட்டால் கட்டம் கட்டமாக உடைகிறது. வேறு எந்தக் கருவி வாங்கலாம்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: மதுரைப் பக்கம் இருபது வருடம் கல்யாணமும் மஞ்சுவிரட்டும் வீடியோ எடுத்தவன் நான். வாடிவாசலை விட்டுக் காளை பாய்கிற அந்த நொடி கேசட்டில் தெளிவாக இருந்து, கணினிக்கு வந்ததும் கொம்பு கரைந்து போனதைப் பார்த்து மனசு வலித்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

உங்கள் கேமரா எடுத்தது பால் (PAL) என்கிற, நம் ஊர் பழைய டிவி முறையில். அதில் ஒரு நொடிக்கு 25 படம் என்பார்கள். உண்மையில் கேமரா 50 அரைப்படங்களை எடுக்கிறது. படத்தின் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. பாடிப் போகிறவர் கையை வீசும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் கை நகர்ந்துவிடும். சில மலிவுக் கருவிகள் இரண்டையும் கலந்து ஒரே படமாக்கிவிடும், அல்லது ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். நின்றவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஓடுகிறவருக்குத்தான் பாதி அசைவு போய்விடும். ஆகவே கருவியின் பெட்டியில் எவ்வளவு பெரிய எண் போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். 720க்கு 576 புள்ளி அளவில், 50 அரைப்படத்தையும் பிரித்தபடியே தருமா என்று மட்டும் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், புதுக் கருவியை விடப் பழைய டிஜிட்டல்-8 கேமரா ஒன்றைத் தேடுங்கள். அதில் சில மாடல்கள் ஹாய்-8 கேசட்டையும் ஓட்டும். எல்லாம் ஓட்டாது, கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதிலிருந்து ஃபயர்வயர் (FireWire) என்கிற வயர் இணைப்பு வழியாக எடுங்கள், யுஎஸ்பி வழியாக வேண்டாம். கணினியில் ஃபயர்வயர் கார்டு ஒன்று மாட்டவேண்டி வரும். அப்படி வருகிற டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ) ஃபைல் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சேமிக்கிறது, அதனால் எத்தனை வேகமாக ஓடினாலும் படம் உடையாது. மணிக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், ஆறு கேசட்டுக்கு 80 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வேறு எந்த வேலையும் அதில் ஓடக்கூடாது. ஏற்றும் மென்பொருள் காட்டுகிற விட்டுப்போன படங்களின் (dropped frames) எண்ணிக்கை சைபரில் நிற்க வேண்டும்.

டிஜிட்டல்-8 கிடைக்கவில்லையா? மஞ்சள் வயரை விட்டுவிட்டு எஸ்-வீடியோ வயர் போட்டு, அரைப்படங்களைக் காப்பாற்றுகிற கருவியில் எடுங்கள். அதுவும் நன்றாகவே வரும்.

சரி, டிவிடியில் கட்டம் விழுவது வேறு கதை. டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். ஏழு பேர் பாய்ந்து ஒருவரைப் பிடிக்கும்போது, புழுதியும் கிளம்பினால், திரை முழுக்கவே மாறுகிறது. ஒதுக்கிய இடம் போதாமல் கட்டங்கள் வருகின்றன. நீங்கள் ஒரே டிவிடியில் இரண்டு மூன்று மணி நேரம் அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 4.7 ஜிபி டிவிடியில் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். வீடியோவுக்கு உச்சவரம்பு 9.8.

இன்னொன்று. DV ஃபைலில் இரண்டு அரைப்படங்களில் கீழ் அரைப்படம் (lower field) எனப்படுவதுதான் முதலில் வரும். டிவிடி மென்பொருளில் இந்த வரிசையை மாற்றி வைத்துவிட்டால் ரெய்டரின் கை முன்னால் போய்ப் பின்னால் வந்து நடுங்கும். ஒருமுறை முழு சிலம்பப் போட்டியையும் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து செய்தேன். கணினித் திரையில் பார்த்தால் இது தெரியாமலே போகலாம். ஒரே ஒரு ரெய்டை மட்டும் எழுதி, பழைய குழாய் டிவியில் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த இடங்களில் கை மங்கலாகவே பதிந்திருக்கும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

ஆறில் முக்கியமில்லாத கேசட்டை முதலில் போடுங்கள். அதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிக்கொள்ளுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.