சூரையின் சதை ஏன் வெளுத்தது, நாக்கு ஏன் உறைத்தது

ஈட்டித் துப்பாக்கியால் அடித்த 20 கிலோ சூரை இரண்டு மணி நேரம் படகில் வெறுமனே கிடந்தது, வறுத்தால் சதை வெளுத்துப் புளிக்கிறது, நாக்கு உறைத்து முகம் சிவந்தது என்கிறீர்கள். முதலில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அந்த உறைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஹிஸ்டமின். மீன் சூட்டில் கிடக்கும்போது பாக்டீரியா உண்டாக்குவது அது. வறுத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சதை வெளுப்பது வேறு விஷயம். சூரையின் உடம்பு கடல்நீரைவிடச் சூடானது. ஈட்டி பாய்ந்தபின் இழுத்துப் போராடினால் சூடு இன்னும் ஏறும், சதையில் அமிலமும் சேரும். அதனால் கைக்கு வந்ததும் கூரான கம்பியால் மூளையில் குத்துங்கள். சரியாகப் பட்டால் உடம்பு ஒருமுறை விறைத்து நடுங்கி, அப்படியே தளர்ந்துவிடும். அப்புறம் பக்கத் துடுப்பு படியும் பள்ளத்தில், அடியிலிருந்து மூன்று விரல் தள்ளி, இருபுறமும் கீறுங்கள், செவுளையும் அறுத்துவிடுங்கள். ரத்தம் கொட்டும். இதைப் படகில் ஏற்றியே செய்யுங்கள், தண்ணீரில் வேண்டாம், சுறா வரும்.

குடலை எடுத்ததும் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு கடல்நீர் கலந்த பெட்டியில் முழுக்க மூழ்கவிடுங்கள். வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணியுங்கள். மேலே ஐஸ் தூவினால் மட்டும் இவ்வளவு பெரிய மீனின் நடுச்சதை குளிராது. வெட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஓடும் கருஞ்சதையையும் ஈட்டி பாய்ந்த இடத்தில் ரத்தம் கட்டிய சதையையும் தாராளமாகவே கழித்துவிடுங்கள்.