வாசகர் கேள்வி பதில்: உறுப்புத் தானத்துக்குக் கையொப்பமிடலாமா?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, வயது 36. என்னிடம் படிக்கும் மாணவியொருத்தியின் தந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. குருதிச் சுத்திகரிப்புக்காக அவர் வாரத்தில் இரண்டு நாள் விடியுமுன் பஸ் ஏறிப் போய், இருட்டிய பிறகு திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இறந்த பின் என் உறுப்புகளைக் கொடுக்க எழுதிவைக்க விரும்புகிறேன். அம்மாவோ, உடம்பு குறைபட்டுப் போனால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பாய் என்கிறார். கணவர், "உயிரோடு இருக்கும்போதே நம் சனத்தின் உடம்பு தேயிலைக்கு உரமானது போதாதா? நீ கையெழுத்துப் போட்டவள் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் உன்னைக் காப்பாற்றப் பார்ப்பார்களா?" என்று கேட்கிறார். இவர்களை மீறிச் செய்வதா, விட்டுவிடுவதா?

பதில்: சகோதரி, மீறிச் செய்யவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். மீறிச் செய்தால் அது பயன்படாமலே போகக்கூடும் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. நம் நாட்டில் இந்த விடயத்தை ஆள்வது 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். உயிரோடு இருக்கும்போது ஒருவர் எழுத்து மூலம் தரும் சம்மதத்தை அது ஏற்கிறது. எதுவும் எழுதிவைக்காதவருக்காக நெருங்கிய உறவினர் சம்மதம் தரவும் அது இடமளிக்கிறது. ஆனால் நடைமுறையில், அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்தியர் வந்து பேசப்போவது உங்கள் கணவரிடமும் அம்மாவிடமும்தான். அவர்கள் அழுது மறுத்தால், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைக் காட்டி அவர்களோடு வாதாட எந்த வைத்தியருக்கும் மனம் வராது.

முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்தவள் என்பதால் இதைக் கண்ணால் கண்டு சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞன் ஒருவனுக்கு மூளைச்சாவு உறுதியானபோது, தோட்டத்திலிருந்து வந்திருந்த அவன் தகப்பனாரின் கையில் சிங்களத்தில் அச்சடித்த படிவமொன்றைக் கொடுத்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். பேனையைப் பிடித்தபடி நின்ற அவர், நான் தமிழில் பேசக் கேட்டதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கை இன்னும் சூடா இருக்கே அம்மா?" என்பதுதான். அரை மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். கடைசியில் அவர், "இவன் என்ன நினைச்சிருப்பான்னு எனக்குத் தெரியலையே" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. மகன் ஒரு நாளாவது வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருந்தால் அவருக்கு அந்த அரை மணித்தியாலம் வேறுவிதமாக இருந்திருக்கும்.

அந்தத் தகப்பனார் கேட்டதுதான் உங்கள் கணவரின் பயத்துக்கும் அடிவேர். மூளை முழுவதுமாக, திரும்ப வராதபடி செயலிழப்பதைத்தான் மூளைச்சாவு என்கிறோம். அதன் பிறகும், செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை இதயம் சில காலம் துடிக்கும், கை சூடாக இருக்கும், மார்பு ஏறி இறங்கும். ஆழ்மயக்கம் இதுவல்ல, மயக்கத்தில் கிடப்பவரின் மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும், அவர் மீண்டு வரவும் கூடும். ஆகவேதான் சோதனைகள் அவ்வளவு கடுமையாக இருக்கின்றன. கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். பஞ்சு நுனியால் விழியைத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டு விழிகள் நகர்கின்றனவா என்று காத்திருப்பார்கள். தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று கவனிப்பார்கள். கடைசியாக, ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே சுவாசக் கருவியைக் கழற்றி, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று நிமிடக்கணக்கில் மார்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிமிடங்களில் அறையில் யாரும் பேசமாட்டோம். ஒரே ஒரு மூச்சு வந்தாலும் அவர் உயிரோடு இருப்பவர், சிகிச்சை தொடரும். இதை உறுதிசெய்யும் வைத்தியர்கள் வேறு, உறுப்பை மாற்றிப் பொருத்தும் குழுவினர் வேறு. விபத்தென்றால் சட்ட வைத்திய அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

கணவரின் முதல் கேள்வி இதைவிடக் கனமானது. நம் சனத்தின் உடம்பிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டது ஏராளம். அந்த நினைவோடு ஒருவர் கையை இறுக்கிக்கொள்வதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கேட்காமல் எடுத்ததற்கும், நீங்களாக யோசித்து, விளங்கிக்கொண்டு, வேண்டாமென்று சொல்லும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு கொடுப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு காப்பாற்றப்பட வேண்டுமானால் மொழி முக்கியம். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆதலால், விளங்காத மொழியில் உள்ள எந்தப் படிவத்திலும் அவசரத்துக்குக் கையொப்பமிட வேண்டாம், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், அதைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது என்று உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அம்மாவிடம் சாத்திரம் பேசி வெல்ல முயலாதீர்கள். லிங்கத்துக்குத் தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பர் குருடராய்ப் பிறக்கவில்லை, கோயிலில் நாயன்மாராய் நிற்கிறார் என்று ஒருமுறை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். பெற்ற தாய்க்கு மகளின் சாவை மனதில் காண்பதே கொடுமை, அந்தக் கொடுமையைத்தான் அவர் அடுத்த பிறவி என்ற சொல்லால் தள்ளிவைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அறிய விரும்புவது, குளிப்பாட்டிப் பொட்டு வைக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதாகவும் இருக்கலாம். உறுப்புகளை எடுப்பது சத்திரசிகிச்சைக்கூடத்தில், உயிருள்ளவருக்குச் செய்வது போன்ற கவனத்தோடு நடக்கிறது. காயத்தைத் தைத்து மூடித்தான் உடலைத் தருவார்கள். சேலை உடுத்திப் பெட்டியில் வைத்தால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல் தப்பு அடித்து எடுத்துப் போகலாம், கருமாதியும் செய்யலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். லயத்துக் காம்பராவில் உயிர் பிரிந்தவரின் சிறுநீரகத்தையோ இதயத்தையோ பயன்படுத்த முடியாது, ஏனெனில் இரத்த ஓட்டம் நின்றதும் அவை விரைவில் கெட்டுவிடுகின்றன. வைத்தியசாலையில் முறையாக எடுத்துக் குளிரில் வைத்தாலும் இதயம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளளவு தாங்கும். நாட்டின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் நம் கண்டி வைத்தியசாலையில்தான் நடந்தது. அதுவும் மூளைச்சாவடைந்த ஒருவரின் இதயமே. எனவே நீங்கள் எழுதிவைத்தாலும் அது பயன்படும் சூழ்நிலை வராமலே போகலாம். வந்தால், இரண்டு சிறுநீரகங்களால் மட்டுமே இருவரின் பஸ் பயணம் நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மாணவியின் தந்தையைப் பற்றிய பேச்சிலிருந்து தொடங்குங்கள். முதல் நாளே சம்மதம் வரவேண்டியதில்லை.

கேள்வி: சிறுநீரகமொன்றைக் கொடுத்தால் பெரிய தொகை கிடைக்கும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் தம்பியிடம் பேசியிருக்கிறார். அவனுக்குக் கடன் இருக்கிறது. இதுவும் தானம்தானே? (ஹட்டன் வாசகர்)

பதில்: இல்லை. உறுப்பை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆரோக்கியமான ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாக வாழ முடியும் என்பது உண்மைதான். உடன்பிறந்தவருக்காகவோ பிள்ளைக்காகவோ கொடுத்தவர்கள் அப்படி வாழ்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே முழுமையான பரிசோதனை நடக்கிறது, பின்னர் ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கிறார்கள். தரகர் மூலம் போனவரை அதன் பின் யார் பார்ப்பார்? உங்கள் தம்பியை இன்றே உட்கார வைத்துக் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். பேச வேண்டியது அந்தக் கடனைப் பற்றித்தான்.

கேள்வி: எனக்கு 71 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு, ஒரு கண்ணில் புரை சத்திரசிகிச்சையும் செய்திருக்கிறேன். இந்தக் கண்கள் யாருக்காவது உதவுமா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: உதவும் ஐயா. பொருத்துவது விழியின் முன்பக்கத்திலுள்ள, கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தை; புரை வந்தது அதற்குப் பின்னாலிருக்கும் வில்லையில். வயதோ, மூக்குக் கண்ணாடியோ, சீனி வருத்தமோ இதற்குத் தடையல்ல. விசர்நாய்க்கடி நோய், எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் சில வைரஸ் தொற்றுகள் போன்றவை இருந்தால் மட்டும் எடுக்கமாட்டார்கள். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் 1964இலேயே சிங்கப்பூருக்கு விழிகளை அனுப்பியது. அன்று முதல் பல நாடுகளில் பார்வை இழந்தவர்களுக்கு இந்தத் தீவிலிருந்து விழிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

வீட்டில் இறந்தாலும் கண்களைக் கொடுக்கலாம் என்பது தோட்டத்தில் வாழும் நமக்குப் பெரிய வசதி. ஆனால் நான்கு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. மலைப்பாதையில் மழை நாளில் ஆள் வந்து சேர எடுக்கும் நேரத்தை நினைத்தால், பெட்டிக்கும் பந்தலுக்கும் சொல்லியனுப்பும் முன்பே சங்கத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவர்கள் வரும் வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைக்கட்டும். மின்விசிறி இருந்தால் நிறுத்தட்டும். மரணத்தை உறுதிப்படுத்தத் தோட்டத்து டாக்டரையாவிடமும் முன்னரே சொல்லிவையுங்கள். அருகிலுள்ள கிளையின் தொலைபேசி இலக்கத்தை உங்கள் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல், பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, வீட்டில் எப்போதும் இருக்கும் மருமகளுக்குக் காட்டிவையுங்கள்.