முதல் கோணலா, பாலாரிஷ்டமா?

கடை அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பல்பொருள் அங்காடியில் புது பில்லிங் மென்பொருள் போட்டோம். முதல் வாரம் முழுக்கத் தகராறு. பில் பாதியில் நிற்கும், இருப்புக் கணக்கைத் தப்பாகக் காட்டும். முதலாளிக்கு அனுப்பிய அறிக்கையில், 'முதல் கோணல் முற்றும் கோணல் என்பதுபோல் சில சிக்கல்கள் வந்தன, பத்து நாளில் சரியாகிவிடும்' என்று எழுதினேன். 'அப்படியானால் மென்பொருளையே தூக்கிப் போட்டுவிடலாமா?' என்று கேட்டுவிட்டார். நான் என்ன தப்பாக எழுதினேன்?"

உங்கள் முதலாளி பழமொழியைக் கடைசிச் சொல் வரை படித்திருக்கிறார். முன்பாதி உங்கள் கதைக்குப் பொருந்துகிறது. பின்பாதிதான் காலை வாரிவிட்டது. 'முற்றும்' என்றால் முழுவதும். தொடக்கத்தில் கோணிவிட்டது, இனி கடைசி வரை கோணல்தான், நிமிராது என்று கையை விரிக்கிற பேச்சு அது. அதைச் சொல்லிவிட்டு அதே வாக்கியத்தில் 'பத்து நாளில் சரியாகிவிடும்' என்றால், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது.

சுவர் எழுப்பும் கொத்தனாரைக் கேட்டால் இந்தப் பழமொழி நன்றாகப் புரியும். முதல் வரி செங்கல் மட்டம் தப்பினால், மேலே எத்தனை வரி வைத்தாலும் அந்தக் குறை கூடவே ஏறும். பூசி மறைக்கலாம், நிமிர்த்த முடியாது. இடித்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். இப்படித் தொடக்கப் பிழை பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுக்கிற இடத்தில்தான் இது உட்காரும்:

"அளக்கும்போதே எல்லைக்கல்லை மாற்றி நட்டுவிட்டார்கள். முதல் கோணல் முற்றும் கோணலாகி, இப்போது மதில் சுவர் பக்கத்து மனையில் நிற்கிறது."

"சீட்டு ஆரம்பித்த மாதமே கணக்கு எழுதவில்லை. முதல் கோணல் முற்றும் கோணல். வருஷக் கடைசியில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்றே தெரியவில்லை."

எச்சரிக்கையாகவும் சொல்லலாம். அப்போது நம்பிக்கைக்கு இடம் இருக்கும்: "முதல் கோணல் முற்றும் கோணல் ஆகிவிடக் கூடாதே என்றுதான் கடைக்காலை இரண்டு தடவை அளந்தோம்." நீங்களும் 'ஆகிவிடக் கூடாது' என்று முடித்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். பழைய அச்சில் 'முதற்கோணல் முற்றுங்கோணல்' என்று சேர்த்திருப்பார்கள். இரண்டும் சரிதான்.

சரி, வந்து போகிற தொடக்கத் தொல்லைக்கு என்ன சொல்வது? எழுத்தில் அதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது: பாலாரிஷ்டம். சோதிடத்திலிருந்து வந்தது. பால என்றால் குழந்தைப் பருவம். அரிஷ்டம் என்றால் கேடு. பிறந்த ஜாதகத்தில் சந்திரன் 6, 8, 12 ஆகிய இடங்களில் பாவ கிரகங்களின் பார்வையோடு இருந்தால் பிள்ளைக்குச் சிறுவயதில் கண்டம் என்று சோதிடர்கள் சொல்வார்கள். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தேறிவிடும். புதிதாகப் பிறந்த பத்திரிகை, நிறுவனம், திட்டம் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நல்ல உதாரணம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட். 1993 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் தோற்றது. 1994 அக்டோபர் 15-ல் அடுத்தது வென்றது. பின்னால் 2008-ல் சந்திரயான்-1, 2013-ல் மங்கள்யான் இரண்டையும் சுமந்து சென்றது இதே வகை ராக்கெட்தான். ஆகவே, "பாலாரிஷ்டங்களைக் கடந்து பி.எஸ்.எல்.வி. நம்பகமான ராக்கெட் ஆனது" என்று எழுதலாம். 1993-ல் யாராவது 'முதல் கோணல்' என்று எழுதியிருந்தால் அடுத்த ஆண்டே விழுங்க வேண்டியிருந்திருக்கும்.

இந்தச் சொல்லோடு கடந்து, தாண்டி, நீங்கி, இன்னும் தீரவில்லை போன்றவை இயல்பாகச் சேரும். பத்து வருஷமாக ஓடும் பேருந்து நடுவழியில் நின்றால் அதைப் பாலாரிஷ்டம் என்று எழுதாதீர்கள், அது வயோதிகம். உயிர் போன விபத்துக்கும் வேண்டாம், இழப்பைச் சின்னதாக்குவது போல இருக்கும். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அங்கே அதன் பழைய பொருள்தான் காதில் விழும். ஆங்கிலத்தில் இதைப் பல் முளைக்கும் தொல்லை என்பார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் படிப்பவர் பல் மருத்துவரைத்தான் நினைப்பார்.

பேச்சில் பாலாரிஷ்டம் கொஞ்சம் கனமான சொல். "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்பதுதான் வாயில் வரும். சோதிட வாடை வேண்டாம் என்றால் 'தொடக்கத் தடுமாற்றம்', 'ஆரம்பச் சிக்கல்' போதும்.

உங்கள் அறிக்கையை இப்படி மாற்றலாம்: "புது மென்பொருளின் பாலாரிஷ்டங்கள் இன்னும் தீரவில்லை. பில் நிற்பதும் இருப்பு தப்பாகக் காட்டுவதும் பத்து நாளில் சரிசெய்யப்படும்." இது முதலாளிக்கு. கல்லாவில் ஒட்டும் அறிவிப்புக்கு இந்தச் சொல் எதுவும் தேவையில்லை. வரிசையில் நிற்பவர் சொல்லழகு பார்க்க மாட்டார். "பில் போடக் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.