பிரிட்டனில் சுயாதீனப் படம் எப்படி உருவாகி மக்களிடம் போய்ச் சேர்கிறது?

பெரிய ஸ்டுடியோவின் பணமும் பிடியும் இல்லாமல் எடுக்கப்படுவதுதான் சுயாதீனப் படம். முழுச் செலவையும் ஏற்க ஒரே முதலாளி இல்லை. அதனால் தயாரிப்பாளர் பல கதவுகளைத் தட்டுகிறார்: லாட்டரிப் பணத்திலிருந்து பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) தரும் நிதி, டிவி நிறுவனங்களின் படப் பிரிவுகளான ஃபிலிம்4 அல்லது பிபிசி ஃபிலிம் போடும் முதலீடு, அரசின் வரிச்சலுகை, அப்புறம் வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்று வரும் தொகை. சீட்டுப் பணம், வங்கிக் கடன், மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்று சேர்த்து வீடு கட்டுவோமே, அது போலத்தான்.

சரி, எடுத்த படத்தை யார் காட்டுவது? விநியோகஸ்தர் பிரிட்டன் உரிமையை வாங்கி, தியேட்டர் பிடித்து, போஸ்டர், டிரெய்லர் செலவைப் பார்த்துக்கொள்கிறார். சிக்கலே இங்கேதான். விளம்பரத்துக்குக் கையில் இருப்பது கொஞ்சம். மோத வேண்டியதோ அதே வாரம் வரும் ஹாலிவுட் படங்களோடு.

பென் வீட்லி இயக்கிய 'எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து' படத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், வயல்வெளியிலேயே, 12 நாளில் எடுத்தார்கள். 2013 ஜூலை 5 அன்று தியேட்டர், இலவச டிவி, டிவிடி, இணையம் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். ஒருமுறை செய்த விளம்பரம் நான்கு வாசலுக்கும் உதவும் என்பதுதான் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல் இது.

சுயாதீனம் என்றாலே கைக்காசில் எடுத்த சின்னப் படம் என்று நினைக்காதீர்கள். 2011-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' கூட இந்த வகைதான், அதில் அப்போது படங்களுக்கு நிதி தந்துவந்த பொது அமைப்பான யுகே ஃபிலிம் கவுன்சில் 10 லட்சம் பவுண்ட் போட்டிருந்தது.