ரோடியோ சாம்பியன்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

லேன் ஃப்ராஸ்ட். ரோடியோ என்ற அமெரிக்க மாடுமேய்ப்பர் விளையாட்டின் ஒரு பிரிவான காளைச் சவாரியில் 1987 உலக சாம்பியன். 25 வயதில் களத்திலேயே இறந்துபோனவர் என்பதால்தான் பலரும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அவருடைய குருவால்.

ஆட்டம் இதுதான்: காளையின் முதுகில் 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கை கயிற்றில், மறு கை காற்றில். அந்தக் கை காளைமேல் பட்டாலே சவாரி செல்லாது. 100 மதிப்பெண்ணில் பாதி காளையின் துள்ளலுக்கு, அதனால் சாதுவான காளை வாய்த்தால் நஷ்டம் வீரனுக்குத்தான். நுழைவுக் கட்டணம், ஊர் ஊராகப் போகும் வண்டிச் செலவு எல்லாம் கைக்காசு. விழுந்தால் ஒரு டாலரும் தேறாது. (சாம்பியன் என்றதும் நாம் நினைத்துக்கொள்ளும் சொகுசு வாழ்க்கை இல்லை.)

குருவின் பெயர் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன். அதுவரை ஒருவராலும் 8 விநாடி உட்கார முடியாத டொர்னாடோ என்ற காளைமேல் 1967 தேசிய இறுதிப் போட்டியில் உட்கார்ந்து காட்டியவர். அப்போது அவருக்கு வயது 46! லேனின் அப்பாவுக்கு நண்பர். ஓக்லஹோமாவில் பையனுக்குக் காளைச் சவாரியின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1987 மார்ச்சில் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் டிசம்பரில்தான் லேனுக்குப் பட்டம் கிடைத்தது. பார்க்க அவர் இல்லை.

குருவுக்கு ஒரு டொர்னாடோ என்றால் சீடனுக்கு ரெட் ராக். 309 பேரைத் தள்ளிவிட்டு, ஒருவருக்கும் பிடிகொடுக்காமல் ஓய்வு பெற்ற காளை. 1988இல் அதை லேனோடு மோதவிட்டு 7 சுற்றுகள் நடத்தினார்கள். லேன் 4 முறை நிலைத்தார், காளை 3 முறை தள்ளிவிட்டது. களத்துக்கு வெளியே ரெட் ராக் பரம சாது என்பதுதான் வேடிக்கை.

1989 ஜூலை 30, வயோமிங் மாநிலத்தின் ஷையேன். லேன் 8 விநாடியையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார், 85 மதிப்பெண். சேற்றில் விழுந்தவர் எழுவதற்குள் காளை திரும்பி வந்து முதுகில் கொம்பால் இடித்தது. எழுந்து, உதவிக்குக் கையசைத்து, அப்படியே சரிந்தார். விலா எலும்புகள் உள்ளே முறிந்திருந்தன. ஓக்லஹோமாவின் ஹ்யூகோ என்ற ஊரில் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

இன்று காளைச் சவாரி வீரர்கள் போடும் பாதுகாப்புக் கவச உடை, லேனின் நண்பர் கோடி லாம்பர்ட் இந்தச் சாவுக்குப் பிறகு உருவாக்கியது. இன்னொரு நண்பர் டஃப் ஹெட்மேன் அந்த வருட இறுதிப் போட்டியில் 8 விநாடி முடிந்து மணி அடித்தும் இறங்கவில்லை. லேனுக்காக இன்னும் 8 விநாடி காளைமேலேயே இருந்தார். காணொளி இணையத்தில் இருக்கிறது, ஒருமுறை பாருங்கள்.